ஜப்பானிய எழுத்துக்கு பாமினி மாதிரி ஃபாண்ட் கிடைக்குமா? லேபிள் அடிக்க வேண்டும்

லேபிள்பட்டறை, திருப்பூர்

வணக்கமுங்க. பி.என். ரோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக லேபிள் பிரிண்டிங் போட்டிருக்கிறேன். சாட்டின், டஃபேட்டா இரண்டும் ஓட்டுகிறோம். மெஷின் இரண்டு, ஆள் நாலு, கம்ப்யூட்டர் ஒன்று. டிசைன் வேலை நானேதான். பதினேழு வருசமாகக் கோரல் டிராவோடு மல்லுக்கட்டுகிறேன். இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் அடித்திருக்கிறேன், ஒருமுறை அரபிகூட. அது வலமிருந்து இடமாக ஓடியதற்கே இரண்டு நாள் தூக்கம் போச்சு. இப்போது ஜப்பான் வந்து மாட்டியிருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீங்க. ஒரு பனியன் கம்பெனிக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர், 6,000 பீஸ். வாஷ் கேர் லேபிள், அதாவது எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்கிற லேபிள், முழுக்க ஜப்பானியத்தில் வேண்டும். வந்த ஷீட், ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதாவது வெறும் படம், எழுத்தைத் தொட்டுக் காப்பி எடுக்க முடியாது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கோரலில் எழுத்துப் பெட்டியைத் திறந்து, ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி வைத்தேன். மூன்று ராத்திரி ஆனது. பார்த்தால் அச்சு அசலாக இருந்தது. ஓட்டிக் கொடுத்துவிட்டேன்.

சைடு சீமில் வைத்து 300 பீஸ் தைத்து முடித்த பிறகு போன் வருகிறது. துணியில் 5 சதவீதம் லைக்ரா, இழுத்தால் நீளுகிற இழை. அதற்கான ஜப்பானியச் சொல்லில் கடைசி எழுத்து தப்பாம். 'பொரியுரெதன்' என்று முடிய வேண்டியது 'பொரியுரெதசோ' என்று நிற்கிறதாம். இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். சத்தியமாக எனக்கு இன்னும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. மேலே ஒரு சின்னக் கோடு, கீழே ஒரு வளைந்த கோடு, அவ்வளவுதான். 300 பீஸ் பிரித்துத் தைத்த கூலி என் தலையில். லேபிள் மறுபடி அடிக்க வேண்டும், அதுவும் என் தலையில்.

இனிமேல் பொறுக்குகிற வேலை வேண்டாம், முறையாக டைப் அடிக்கலாம் என்று பார்க்கிறேன். கேள்வி மூன்று.

தமிழுக்கு பாமினி ஃபாண்ட் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் கீபோர்டிலேயே அடித்துவிடுகிறோமே, அந்த மாதிரி ஜப்பானியத்துக்கு ஒரு ஃபாண்ட் உண்டா? எந்தக் கீயில் எந்த எழுத்து என்று ஒரு சார்ட் கிடைத்தால் போதும், மனப்பாடம் செய்துகொள்வேன். இரண்டாவது, ஜப்பான் கீபோர்டு தனியாக வாங்க வேண்டுமா? மூன்றாவது, இதையெல்லாம் ஏற்றினால் என் தமிழ் வேலை கெட்டுப்போகுமா? விண்டோஸ் 10. கல்யாணப் பத்திரிகை சீசன் வேறு வருகிறது.

மூணாறுபைக்கர், பொள்ளாச்சி

எதுக்குண்ணா இவ்வளவு கஷ்டம்? கூகுள் டிரான்ஸ்லேட்டில் இங்கிலீஷில் போடுங்க, ஜப்பானியத்தில் வரும், காப்பி பேஸ்ட். அஞ்சு நிமிச வேலை.

கானாவும்கஞ்சியும், பீளமேடு

மேலே சொன்ன தம்பி மேல் கோபமில்லை. ஆனால் அண்ணா, லேபிளுக்கு அந்த வேலை செய்யாதீர்கள். 'ஸ்பாண்டெக்ஸ்' என்று போட்டால் அது 'சுபந்தெக்குசு' என்று ஒலியை அப்படியே எழுதித் தரும். ஜப்பானில் துணி லேபிளில் இழையின் பெயரை இஷ்டத்துக்கு எழுத முடியாது, அதற்கென்று சட்டத்தில் குறித்த சொற்கள் இருக்கின்றன. லைக்ரா, ஸ்பாண்டெக்ஸ், எலாஸ்டேன் எல்லாவற்றுக்கும் அங்கே பாலியூரிதேன் என்ற பெயர்தான். உங்கள் ஷீட்டில் இருந்தது அதுதான், சரியாகவே கொடுத்திருக்கிறார்கள்.

நான் கோவையில் ஒரு மெஷின் கம்பெனிக்கு ஜப்பானியக் கடிதங்களை மொழிபெயர்க்கிறேன். தினமும் அடிக்கிற கை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாமினி மாதிரி ஃபாண்ட் கிடையாது, இருக்கவும் வழியில்லை. பாமினி என்ன செய்கிறது? ஏ, பி, சி இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து ஏமாற்றுகிறது. 256 இடத்துக்குள் தமிழ் அடங்கிவிடுகிறது, அதனால் பிழைத்தது. ஜப்பானியத்தில் மூன்று வகை எழுத்து. ஹிராகானா 46, கதாகானா 46. இந்த இரண்டும் நம் எழுத்து போல ஒலிக்கானவை, கதாகானாவில் பெரும்பாலும் வெளிநாட்டுச் சொற்களை எழுதுவார்கள். மூன்றாவது கஞ்சி. ஆமாம், நாம் குடிக்கிற கஞ்சி மாதிரியேதான் சொல்ல வேண்டும். சீனத்திலிருந்து வந்த எழுத்து. அன்றாடப் புழக்கத்துக்கு என்று 2010-ல் அவர்கள் அரசு திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டுமே 2,136 இருக்கிறது. எந்தக் கீபோர்டில் வைப்பீர்கள்?

அதனால் அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஒலியை அடிக்க வேண்டும், கம்ப்யூட்டர் எழுத்துகளைக் காட்டும், நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் அழகியிலோ என்எச்எம் ரைட்டரிலோ இங்கிலீஷ் எழுத்தில் 'அம்மா' அடித்திருந்தால் பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதி அந்தத் தேர்ந்தெடுக்கிற வேலை. சட்டை பிடிக்கிறதும் அங்கேதான்.

கீபோர்டு வாங்க வேண்டாம். ஜப்பானியர்களே பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கிறார்கள்.

விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ் போய், டைம் அண்ட் லாங்வேஜ், அதற்குள் லாங்வேஜ், ஆட் எ லாங்வேஜ். ஜப்பானீஸ் என்று தேடி எடுங்கள். இன்ஸ்டால் ஆகும் முன் 'டிஸ்ப்ளே லாங்வேஜ்' என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை உங்கள் கம்ப்யூட்டரே ஜப்பானியத்தில் பேசும். மற்றபடி மைக்ரோசாஃப்ட் ஐஎம்இ, அதாவது ஒலியை எழுத்தாக மாற்றித் தருகிற புரோகிராம், தானாக வந்துவிடும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் இங்கிலீஷுக்கும் ஜப்பானுக்கும் மாறலாம். ஜப்பானுக்குள் போன பிறகும் கீழே மூலையில் 'ஏ' என்று ஓர் எழுத்து நின்றால், இன்னும் இங்கிலீஷ்தான் விழும். ஆல்ட் அழுத்திக்கொண்டு, 1-க்கு இடப்பக்கம் உள்ள கீயை அழுத்துங்கள். முறுக்குப் பிழிந்த மாதிரி ஓர் எழுத்து வரும். அதுதான் ஹிராகானா 'அ'. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் 'வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் எதிரியை அடிப்போம். பி-ஓ, ஆர்-ஐ, யு, ஆர்-இ, டி-ஏ, என்-என் (டி என்றால் டேபிளுக்கு வரும் டி). ஸ்பேஸ் அழுத்தினால் கதாகானாவாக மாறும். மாறாவிட்டால் எஃப் 7. எண்டர் தட்டினால் உட்கார்ந்துவிடும். இங்கே 'சோ' வரவே வராது, ஏனென்றால் நீங்கள் 'சோ' அடிக்கவில்லை. உருவத்தைப் பார்த்துப் பொறுக்கினால்தான் அந்த வம்பு. கண்ணால் பிரித்தறிய வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. 'சோ'வின் இரண்டு கோடும் மேலே ஒரே மட்டத்தில் தொடங்கும். 'ன்'-னின் இரண்டு கோடும் இடப்பக்கம் ஒரே ஓரத்தில் தொடங்கும். 'சு'வுக்கும் 'ஷி'க்கும் இதே கதைதான்.

எல் என்ற கீயைத் தொடாதீர்கள். ஜப்பானியத்தில் ல இல்லை, எல்லாம் ர. 'பாலி' என்று நினைத்து பி-ஓ-எல்-ஐ அடித்தால், எல் வந்ததும் அடுத்த எழுத்தைப் பொடியாக்கிப் போடும். ஒற்று இரட்டிக்கிற சொல்லில் மெய்யை இரண்டு முறை அடிக்க வேண்டும், நடுவில் ஒரு பொடி எழுத்து தானாக விழும். சலவைப் பைக்கு 'நெத்தோ' என்பார்கள், நெட் என்பதுதான். என்-இ-டி-டி-ஓ. நெடில் கோட்டுக்கு மைனஸ் கீ.

இனி கஞ்சி. பருத்திக்குச் சொல் 'மென்'. எம்-இ-என்-என் அடித்து ஸ்பேஸ் தட்டுங்கள். ஒரு பட்டியல் விழும். அதில் பருத்தியும் 'மென்', முகமும் 'மென்', நூடுல்ஸும் 'மென்'. எது முதலில் நிற்கும் என்பது நீங்கள் முன்பு எதை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் படிக்கும்போது ஒரு பயிற்சித் தாளில் 'இந்தச் சட்டை நூறு சதம் நூடுல்ஸ்' என்று எழுதி, வகுப்பே ஒரு மாசம் என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டது. 'ஷியோ' என்று நீட்டி ஒரு சொல் உங்கள் ஷீட்டில் வரும், பயன்படுத்தவும் என்று அர்த்தம். அதே ஒலிக்கு 'ஸ்பெசிஃபிகேஷன்' என்றும் பொருள், 'சொந்த உபயோகம்' என்றும் பொருள், எழுத்துதான் வேறு. மொழி தெரியாமல் அடிக்கும்போது பட்டியலில் உள்ளதை ஷீட்டோடு கோடு கோடாக ஒப்பிட்டே எடுக்க வேண்டும்.

ஒலியே தெரியாத கஞ்சி வந்தால் ஐஎம்இ பேட் என்று ஒன்று இருக்கிறது, மூலையில் உள்ள எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும். அதில் மவுஸால் வரைந்தால் எழுத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். கோணலாக வரைந்தாலும் பரவாயில்லை.

நொய்யல்சிஸ்டம்ஸ், ஈரோடு

அக்கா சொன்னதோடு சர்வீஸ்காரன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். திருப்பூர், ஈரோட்டில் இதே வேலைக்கு நாலைந்து ஆபீஸுக்குப் போயிருக்கிறேன்.

முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: 'ஜப்பான் ஏற்றியதிலிருந்து ஈமெயில் முகவரியில் அட் குறி விழமாட்டேன் என்கிறது.' ஷிஃப்ட் 2 அடித்தால் மேற்கோள் குறி வரும். வைரஸ் இல்லீங்க. ஜப்பான் கீபோர்டு 106/109 கீ என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஜப்பானீஸ் மொழியின் ஆப்ஷன்ஸில் ஹார்டுவேர் கீபோர்டு லேஅவுட் என்று இருக்கும், அதை இங்கிலீஷ் 101/102-க்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது.

உங்கள் மூன்றாவது கேள்வி, தமிழ் கெடாது. பாமினி பாட்டுக்கு இருக்கும். ஒரே ஒரு சங்கதி. கோரலில் ஃபாண்ட் பாமினியில் நிற்கும்போது ஜப்பானியத்தை ஒட்டினால் வெறும் கட்டம் கட்டமாக வரலாம். அந்தக் கட்டத்துக்கு 'டோஃபு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், சோயா பனீர் துண்டு மாதிரி இருப்பதால். ஃபாண்டை யூ கோத்திக் அல்லது மெய்ரியோவுக்கு மாற்றுங்கள். முதலாவது விண்டோஸ் 10-லேயே உண்டு, இரண்டாவது ஜப்பானிய மொழியைச் சேர்த்தால் கூடவே வரும்.

சீன ஃபாண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற பொது முறை) சீனத்துக்கும் ஜப்பானுக்கும் பொதுவான எழுத்துகளுக்கு ஒரே எண்தான் கொடுத்திருக்கிறார்கள், உருவம் ஃபாண்டைப் பொறுத்து மாறும். 'நேர் வெயிலில் காயவைக்காதீர்' என்பதில் வரும் 'நேர்' என்ற கஞ்சிக்கு ஜப்பானில் இடமும் கீழும் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு மடக்குக் கோடு உண்டு. சீன ஃபாண்டில் அது இருக்காது. நமக்கு ஒன்றும் தெரியாது, அவர்களுக்குப் பார்த்தவுடன் உறுத்தும். ஃபைனல் ஃபைலில் எழுத்தைக் கர்வ்ஸுக்கு, அதாவது வெறும் கோட்டு உருவத்துக்கு, மாற்றிவிட்டுத்தான் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் கர்வ்ஸ் ஆக்காத காப்பி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்த முக்கால்வாசிப் பேர் வைப்பதில்லை.

அப்புறம் எண். ஜப்பான் மோடில் அடித்தால் 95 என்பது அகல எழுத்தாக, ஓர் இலக்கத்துக்கு ஒரு கஞ்சி அளவு இடம் பிடித்து விழும். எண்டர் தட்டும் முன் எஃப் 10 அழுத்தினால் ஒல்லியாகும். லேபிளில் அழகுப் பிரச்சினைதான். ஸ்டைல் நம்பரில் வந்தால் வேறு கதை. ஒரு பேக்கிங் லிஸ்ட்டில் ஒல்லி எண்ணும் அகல எண்ணும் கலந்து, எக்ஸெலில் எதுவும் எதோடும் பொருந்தாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பார்வைக்கு இரண்டும் 4012, எக்ஸெலுக்கு இரண்டும் வேறு.

சைஸ் வாரியான விவரத்தை சிஎஸ்வி ஃபைலாக அனுப்பினார்கள், திறந்தால் குப்பை எழுத்து என்றால் பயப்பட வேண்டாம். நேராகத் திறக்காமல் எக்ஸெலில் டேட்டா போய், ஃப்ரம் டெக்ஸ்ட், ஃபைல் ஆரிஜினில் 932 ஜப்பானீஸ் ஷிஃப்ட்-ஜிஸ் என்று எடுங்கள். அவர்கள் ஊரில் அந்தப் பழைய முறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நம் ஆபீஸ்களில் பாமினி சாகாமல் இருக்கிற மாதிரி.

கானாவும்கஞ்சியும், பீளமேடு

அந்தக் குப்பை எழுத்துக்கு ஜப்பானியர்கள் 'மொஜிபாகே' என்பார்கள். மொஜி என்றால் எழுத்து. பாகே என்பது நரியும் பேயும் உருமாறுமே, அந்த மாற்றத்துக்கான சொல். பேய் பிடித்த எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

பழையரெமிங்டன், கோபி

தம்பி, நான் கோபியில் இருபத்திரண்டு வருசம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவன். தமிழ் லோயர், ஹையர் என்று எத்தனையோ பிள்ளைகள். உங்கள் கேள்வியில் அந்த 'எந்தக் கீயில் எந்த எழுத்து' சார்ட் கேட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஜப்பானியர்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். சுகிமோட்டோ கியோட்டா என்பவர் 1915-ல் ஒரு டைப்ரைட்டர் கண்டுபிடித்தார். அதில் கீயே கிடையாது. ஒரு தட்டில் 2,400 எழுத்துக்கு அச்சு அடுக்கியிருக்கும். ஒரு பிடியை நகர்த்தி, வேண்டிய எழுத்தின் மேல் நிறுத்தி, தூக்கி அடிக்க வேண்டும். நீங்கள் மூன்று ராத்திரி கோரலில் செய்தது அச்சாக அந்த வேலைதான்.

ஒலியை அடித்துக் கஞ்சியாக மாற்றுகிற மெஷினை 1978-ல் தோஷிபா கொண்டுவந்தது. மேஜை அளவு, 220 கிலோ எடை, விலை 63 லட்சம் யென். அதே வேலையை இன்று உங்களுக்குச் சும்மா தருகிறார்கள். கீபோர்டின் நடு வரிசையிலிருந்து கை எடுக்காமல் பத்து விரலும் போட்டு அடித்துப் பழகுங்கள்.

லேபிள்பட்டறை, திருப்பூர்

எல்லோருக்கும் நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவில் உட்கார்ந்து ஏற்றினேன். அக்கா சொன்ன அந்த 'முறுக்கு' வரவே அரை மணி நேரம் ஆனது. ஆல்டுக்குப் பதிலாக கண்ட்ரோலை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஈரோட்டுத் தம்பி சொன்ன அட் குறி வியாதியும் வந்தது, மாற்றிவிட்டேன். அந்தப் பதிலை முன்னாலேயே படிக்காமல் இருந்திருந்தால் கீபோர்டைத் தூக்கி வீசியிருப்பேன்.

பொரியுரெதன் முதல் தடவையே சரியாக விழுந்தது. அந்தச் சனியனை ஸ்க்ரீனில் பார்த்ததும் ஒரு டீ வாங்கிவரச் சொன்னேன். பருத்திக்குப் பட்டியலில் முகத்துக்கும் நூடுல்ஸுக்கும் நடுவில் தேடி எடுத்தேன். இடப்பக்கம் நூல் கண்டு மாதிரி ஒரு துண்டு இருக்கிறதே, அதை அடையாளமாக வைத்துக்கொண்டேன். சரிதானுங்களா?

'இந்தியாவில் தயாரானது' என்பதற்கு ஐ-என்-டி-ஓ-எஸ்-இ-ஐ அடித்தேன் (இங்கே டி டெல்லி டி). அதில் என் ஒன்றே போதுமென்று தானாகவே புரிந்துகொள்கிறது. ஆனால் கடைசி எழுத்துக்கு வந்த பட்டியல் பெரிசு, கீழே துணி என்ற துண்டு வருகிறதைப் பார்த்து எடுத்தேன்.

இரண்டு சந்தேகம். நீளமான வரியை மொத்தமாக அடித்து ஸ்பேஸ் தட்டினால் தப்பான இடத்தில் வெட்டுகிறது. அப்புறம் அந்தத் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டிப் படங்களை எப்படி அடிப்பது? எந்தக் கீயிலும் கிடைக்கவில்லை. புரூஃப் படம் கீழே போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்க அக்கா. நாளைக்கு மெஷின் ஓட்டணும்.

கானாவும்கஞ்சியும், பீளமேடு

நூல் துண்டு சரி அண்ணா, பருத்தியின் இடப்பக்கம் இருப்பது நூலைக் குறிக்கும் பகுதியேதான். துணியையும் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

வரி தப்பாக வெட்டினால் எண்டர் தட்டாமல், ஷிஃப்டோடு வலது அம்புக்குறி அழுத்தினால் துண்டு நீளும், இடது அம்பு குறைக்கும். வெறும் அம்புக்குறி அடுத்த துண்டுக்குப் போகும். புதுசில் மொத்த வரியையும் அடிக்காமல் சொல் சொல்லாக மாற்றி எண்டர் தட்டுங்கள், சண்டை குறையும்.

தொட்டி, முக்கோணம் எல்லாம் அடிக்கிற எழுத்தில்லை, படங்கள். 2016 டிசம்பரில் ஜப்பான் தன் பழைய 22 குறிகளைக் கைவிட்டு, உலக முறையையொட்டி 41 குறிகளுக்கு மாறியது. இணையத்தில் கிடைக்கிற பழைய ஜப்பான் செட்டை எடுத்துவிடாதீர்கள். பழையதில் கையால் துவைப்பதற்கான தொட்டிக்குள் எழுத்தே எழுதியிருக்கும், பார்த்தாலே தெரியும். கம்பெனியிடம் வெக்டர் ஃபைலாக (பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுப் படம்) கேட்டு வாங்குங்கள், அது அவர்கள் தர வேண்டியது.

புரூஃபில் ஒரே தப்பு. நாலாவது வரியில் சலவைப் பை. 'நெத்தோ'வில் நடு எழுத்து பெரிதாக நிற்கிறது, 'நெசுதோ' என்று படிக்கும். டி-டி என்று இரட்டிக்காமல் டி-யு என்று அடித்திருக்கிறீர்கள். பொடியாக வர வேண்டும்.

லேபிள்பட்டறை, திருப்பூர்

மாற்றிட்டேனுங்க அக்கா. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய எழுத்தும் பொடி எழுத்தும் எனக்கே வித்தியாசம் தெரிகிறது இப்போது. வெக்டர் கேட்டு மெயில் போட்டாச்சு. அவர்கள் அனுப்பியதும் ஓட்ட வேண்டியதுதான். பெரிய மெஷினில் ஏற்கெனவே சாட்டின் ரோல் மாட்டியாச்சு.